தம்பியைத் தேடி பெங்களூரில் மூன்று நாள்

வாரிசுச் சான்றிதழுக்காக என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஆதார் நகலில் முகம் பழையதுதான், முகவரி புதிது. அப்பா பெயரும் சோளிங்கரில் எங்கள் தெருப் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் ஈஜிபுரா, பெங்களூரு என்று இருந்தது. பின்பக்கத்தை நான் கேட்கக்கூட இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். தாலுகா அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இந்த மாதிரி நகல்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முகவரி மாறியிருந்தால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

தம்பி கதிர் கடற்படையில் இருக்கிறான், விசாகப்பட்டினத்தில், கப்பலில். இரண்டரை வருடமாக எங்கள் தெரு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அப்பா இறந்தபோது கப்பல் கிளம்பிவிட்டது என்று அழுதான். சிக்னல் கிடைக்கிற கடைசி இடம் இதுதான், வீடியோவில் அப்பா முகத்தைக் காட்டு என்றான். காட்டினேன். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் கமலா அத்தை, அப்பாவின் தங்கை, "நாட்டுக்காகப் போன புள்ள, அவன இன்னா சொல்றது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினேழரை வயதில் விண்ணப்பித்தான். மைனர் என்பதால் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். பிளஸ் டூ கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்திருந்தான்: ஒன்று, நீர்மூழ்கிக் கப்பல். இரண்டு, விசாகப்பட்டினம். மூன்று, அந்தமான். பயிற்சி முடிந்ததும் எங்கே வேண்டும் என்று கேட்பார்களாம், அப்போது யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். அப்பா லாரி ஓட்டியவர். சரக்கோடு விசாகப்பட்டினம் துறைமுக வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தவர். "அத முதல்ல எழுதுடா. கப்பல் நின்னா நான் வந்து பாக்கலாம். தண்ணிக்குள்ள போற கப்பல எப்படி வந்து பாக்கறது?" என்றார். கதிர் வரிசையை மாற்றவில்லை. ஆனால் ஒடிசாவில் பயிற்சி முடிந்தது என்று சொன்ன மாதத்தில் போன் செய்து, "விசாகப்பட்டினமே குடுத்துட்டாங்கப்பா" என்றான். அன்று அப்பா தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு கதிர், நீர்மூழ்கிக்கு எழுதிக் கொடுத்தேன், இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றான். ஆறு மாதம் கழித்து அந்தமான் கேட்டிருக்கிறேன் என்றான். கிடைத்ததை மட்டும் சொல்லியிருந்தால் எங்காவது சந்தேகம் வந்திருக்கலாம். கிடைக்காததையும் சொன்னான். நடுவில் ஒரு பொங்கலுக்கு முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வெள்ளைச் சீருடையில் அவன் அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, நடு அறையில் மாட்டினார்.

ஆபீஸ் பயிற்சி என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பெங்களூரில் இறங்கியதும் முதலில் உறுத்தியது குளிர் காற்று. பகல் பதினொரு மணிக்கு சோளிங்கரில் தார் ரோடு இளகும் நேரம். இங்கே ஆட்டோக்காரர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஈஜிபுரா என்றதும், "தமிழா மேடம்? அங்க பூரா உங்காளுங்கதான்" என்று தமிழுக்கு மாறிவிட்டார். பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் தூண்களை ஒட்டி ஊர்ந்து போனோம். ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல ஆகாது. ரோட்டைத் தோண்டிப் போட்டு உட்டுக்கீறாங்க. நடந்தா அஞ்சு நிமிஷம்" என்றார். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. கதவு எண்கள் அங்கே வரிசையில் இல்லை. பன்னிரண்டுக்கு அடுத்து நாற்பத்தைந்து இருந்தது.

நடுவில் நின்று சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் இட்லி வாங்கினேன். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, வெல்லம் போட்ட சாம்பார். பக்கத்து மேசையில் முதுகுப் பையோடு இரண்டு பையன்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெலுங்கு புரியும். ஒருவன் சொன்னான்: "வேலை கிடைச்சிடுச்சுன்னு வீட்டுக்குச் சொல்லிட்டேன். இனிமே கிடைக்கணும்." மற்றவன் சிரித்தான். நான் பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தேன்.

வீடு கிடைத்தது. நாலு மாடி, ஒவ்வொரு மாடியிலும் மூன்று ஒற்றை அறை. வாசலில் தண்ணீர் லாரியிலிருந்து குழாய் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வீட்டுக்காரம்மா அவர்தான். பெயர் முனிரத்னம்மா என்று பிறகு தெரிந்தது.

"யாரும்மா பேக்கு, யாரு வேணும்?"

"கதிரவன்னு ஒரு பையன். சோளிங்கர்."

"கதிரா? நீ யாரு அவனுக்கு?"

"அக்கா."

அவர் குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவனுக்கு யாரும் இல்லன்னு சொன்னானே. அப்பா இல்ல, அம்மா இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல, ஆஸ்டல்ல வளந்தேன்னு."

ஆதார் நகலை போனில் காட்டினேன். அவர் என்னை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். கதிர் இரண்டு வருடம் மூன்றாம் மாடியில் இருந்திருக்கிறான். போன மாதம்தான் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு பிஜி விடுதிக்கு மாறிப் போனானாம். கம்பெனி கேப்பில் எஸ்கார்ட் வேலை. அப்படி என்றால் என்னவென்று கேட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து பெண்கள் வீட்டுக்குப் போகும் வண்டியில், டிரைவர் பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆள் உட்கார்ந்து போக வேண்டும். கடைசிப் பெண் இறங்கும்வரை அவன் இறங்கக் கூடாது. அதுதான் வேலை.

"அப்ப நேவி?" என்றேன்.

"யாவ நேவி?" என்றார் அந்தம்மா.

பிறகு அவரே சொன்னார். "நல்ல பையன்மா. சத்தம் கிடையாது, குடி கிடையாது. ஒரு பக்கம் காது கேக்காது, பின்னாடி இருந்து கூப்ட்டா திரும்ப மாட்டான். மூணு மாசம் முந்தி ஒரு நாளு மொட்டை அடிச்சிக்கினு வந்தான். இன்னாப்பா திருப்பதியான்னு கேட்டேன். ஆமாம்மான்னான். லட்டு எங்கடான்னேன். தீந்துபோச்சுன்னான்."

மூன்று மாதம். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் வழிந்துகொண்டிருந்தது.

அன்று அங்கேயே தங்கச் சொன்னார். சாயங்காலம் ராகி முத்தேயும் கீரைச் சாறும் வைத்தார். எங்கள் ஊர்க் களிதான், பெயர்தான் வேறு. அதை மெல்லக் கூடாது, முழுங்கணும் என்றார். முழுங்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

மறுநாள் காலை, முனிரத்னம்மா எழுதிக் கொடுத்த பிஜி முகவரியோடு பஸ் ஏறினேன். எண்ணைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. கண்டக்டர் ஆதார் கேட்டார்; காட்டினேன். பார்த்துவிட்டு, "தமிழ்நாடு. டிக்கெட் தகோபேக்கு" என்றார். டிக்கெட் எடுக்க வேண்டுமாம், இலவசம் அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டுமாம். பக்கத்தில் இருந்த பெண் தமிழில், "எங்க எறங்கணும்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ, இது மேல போற பஸ்ஸு. அங்க நிக்காது" என்றாள். அதற்குள் பஸ் மேம்பாலத்தில் ஏறிவிட்டது.

அந்தப் பாலம் கிலோமீட்டர் கணக்கில் போகிறது. நான் இறங்க வேண்டிய ஊர் காலுக்குக் கீழே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. வலது இடது எல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். பாலம் இறங்கி, அதையும் தாண்டி எங்கேயோ என்னை இறக்கிவிட்டார்கள். லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தபோது மணி ஒன்பது. ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒரு லேப்டாப் பையும் அந்தப் பைக்கு உரியவனின் முழங்கையும் இருந்தன.

பிஜி இருந்த சந்தின் முனையில் ஒரு தள்ளுவண்டியில் சித்ரான்னம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நம் எலுமிச்சைச் சாதம்தான். ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றிருந்தார்கள். தோளில் பட்டை வைத்த நீலச் சட்டையில் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். அவன் ஆறு வயதில் அம்மா போனபிறகு அந்தத் தலையை வாரிவிட்டு, சட்டைக் காலரை மடித்துவிட்டு, ஸ்கூலுக்கு அனுப்பியது நான்தான். எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம்.

"கதிர்" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

வாயில் சோறோடு என்னைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்தது நின்றது.

"அக்கா." பிறகு, "தனியாவா வந்த?" பிறகு, "சாப்ட்டியா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொள்ளி வைக்க வராதவன், கப்பல் கடலில் என்று அழுதவன், நாலு மணி நேரத் தூரத்தில் நின்றுகொண்டு, சாப்ட்டியா என்கிறான். கை தானாக ஓங்கிவிட்டது.

அவன் விலகவில்லை. தட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினான். தட்டு விழுந்து மஞ்சள் சோறு ரோட்டில் சிதறியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக்காரர், "ஏனாயித்து?" என்று கேட்டபடி எட்டிப் பார்த்தார். என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விவசாயக் கிணற்றில் குதித்து நீச்சலடித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். அன்றைக்குத்தான் ஒரு பையன் வேறு கிணற்றில் செத்துப் போயிருந்தான். அப்பா பயத்தில் அடித்தார். ஒரே அறை, வலது காதோடு சேர்த்து. மறுநாள் தலையணையில் பொட்டு ரத்தம் இருந்தது. உறையை நான் துவைத்துப் போட்டேன். பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் உடைந்து போவார், அம்மா போன துக்கத்தில் குடிக்க ஆரம்பித்து அப்போதுதான் விட்டிருந்தார். மழைக்காலம் வந்தால் காதில் சீழ் வரும். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடுவேன், நிற்கும். ஒரு டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லை.

பிஜி வாசல் படியில் உட்கார்ந்தோம். அவன் காதிலிருந்து கையை எடுத்துவிட்டான். பை டூ காபி வாங்கி வந்தான். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதியாக ஊற்றித் தருகிறார்கள். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"நம்ம பக்கம் எடுத்த முத மெடிக்கல்ல ஒண்ணும் தெரியல. அப்ப ஆறி இருந்துச்சு. ஒடிசா போய் அஞ்சாவது நாளு திரும்பவும் பாத்தாங்க. காதுல லைட் அடிச்ச உடனே தெரிஞ்சிடுச்சு. சவ்வுல ஓட்டை. எப்ப அடிபட்டதுன்னு இந்தில கேட்டாங்க. தெரியாதுன்னேன். அப்பீல் பண்ணலாம்னாங்க. விசாகப்பட்டினத்துல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. போனேன். அங்கயும் அதேதான். ரெண்டு நாளு இருந்தேன்க்கா விசாகப்பட்டினத்துல. பீச்ல நின்னு பாத்தா தூரத்துல கப்பல் தெரியும்."

"அப்புறம் ஏன்டா வீட்டுக்கு வரல?"

"வந்தேன். ட்ரெயின் காட்பாடில நின்னுச்சு. பையை எடுத்துக்கினு கதவாண்ட வந்துட்டேன்."

"எறங்க வேண்டியதுதான?"

"எறங்கி? ஏன்டா அனுப்பிட்டாங்கன்னு அப்பா கேப்பாரு. காதுன்னு சொல்லணும். காதுக்கு இன்னான்னு கேப்பாரு." டம்ளரைக் கீழே வைத்தான். "அவருக்கு அது ஞாபகமே இல்லக்கா. ஞாபகம் வந்துட்டா இன்னா பண்றதுன்னுதான் பயம். வண்டி கிளம்பிடுச்சு. அப்படியே இங்க வந்துட்டேன்."

சீருடைப் படம் எப்படி என்று கேட்டேன். போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். முகத்தை வைத்தால் எந்த உடையை வேண்டுமானாலும் போட்டுக் கொடுக்குமாம். அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார் என்று நினைக்கவில்லை என்றான்.

"அன்னிக்கு எங்கடா இருந்த? அப்பா போன அன்னிக்கு."

"ரூம்ல. ஈஜிபுரால."

"நாலு மணி நேரம்டா கதிர்."

"அந்தப் போட்டோவ அவரு தலமாட்டுல வச்சிருந்தியே, வீடியோல பாத்தேன். ஜனங்க அதுக்கும் சேத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க. அதுக்குப் பக்கத்துல வந்து நான் எப்படி நிக்கறது?"

என்னிடமும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் அங்கிருந்து எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பியது நான். காதில் எப்போதாவது சீழ் வந்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்ததும் நான். "ஏதாவது ஒண்ணுன்னு போட்டா கூப்பிடவே மாட்டாங்கன்னு நெனச்சேன்டா" என்றேன்.

"தெரியும். பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன். விடுக்கா" என்றான்.

அந்த 'விடு' எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவனுக்கு லீவு. அல்சூர் ஏரிக்குப் போகலாம் என்று அவனே சொன்னான். மெட்ரோவில் ஏ.சி. குளிர், வேர்வை வாசனையே இல்லாத கூட்டம், ஒவ்வொரு நிலையத்திலும் கன்னடத்தில் அறிவிப்பு. அவன் எப்போதும் என் வலது கைப்பக்கம் வந்து நின்றான். அப்போதுதான் அவனுடைய நல்ல காது என் பக்கம் இருக்கும். சின்ன வயதிலும் அப்படித்தான் நின்றான். அதை நான் கவனித்ததே இல்லை.

ஏரியைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். ஓரமாக நடந்து ஒரு இடத்தைக் காட்டினான். "இங்கதான் அப்பாவுக்குப் பண்ணேன். ரோட்டோரம் ஒருத்தர்கிட்ட மொட்டை அடிச்சிக்கினு வந்தேன். ஐயரெல்லாம் இல்ல. அப்பா பேரை மட்டும் சொல்லிட்டு, ஓட்டல்ல வாங்குன சோத்த வச்சேன். காக்கா வரல. புறாதான் வந்துச்சு."

"தலைக்கு ஊத்திக்கினியா?"

"இல்ல. கழுத்து வரைக்கும் பாட்டில் தண்ணி ஊத்திக்கினேன். தலைக்கு ஊத்தினா காதுல போயிடும். போச்சுன்னா பத்து நாளு வேலைக்குப் போக முடியாது."

நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வேர்க்கடலை விற்ற பெண்மணி நாங்கள் வாங்குவோம் என்று நெடுநேரம் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

திரும்பி வரும் தெருவில் காது மூக்கு தொண்டை என்று தமிழிலும் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அவன் வேண்டாம் என்றான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா நல்ல தமிழ் பேசினார். காதுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்.

"இது பழசு. ஏழெட்டு வருஷம் இருக்கும். எப்படி ஆச்சு? யாராவது அறைஞ்சாங்களா?"

"இல்ல மேடம். கிணத்துல குதிச்சேன்" என்றான் கதிர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. தலையணையில் ரத்தம் பார்த்த அன்றும் பேசவில்லை.

"சரி. நல்ல வேளை, எலும்புக்குப் போகல. சவ்வுல மட்டும்தான். ஒரு சின்ன ஆபரேஷன், ஒட்டுப் போட்டுடலாம். கேட்கறதும் முக்கால்வாசி திரும்பிடும். அப்பவே கூட்டி வந்திருந்தா இன்னும் சுலபம். தானாவே ஆறுதான்னு ஒரு மாசம் பாத்துட்டுப் பண்ணியிருப்போம். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியிலேயே பண்றாங்களே, ஏன் விட்டீங்க?"

அவர் என்னைத்தான் கேட்டார். கதிர் குறுக்கிட்டு வேறொன்று கேட்டான். "மேடம், ஆபரேஷன் பண்ணிட்டா மெடிக்கல்ல எடுத்துக்குவாங்களா? டிஃபென்ஸ்ல."

"ஆறின பிறகு, கேட்கறது சரியா இருந்தா சில வேலைக்கு எடுத்துக்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அவங்க டாக்டருங்கதான் சொல்லணும். உனக்கு என்ன வயசு?"

"அடுத்த மாசம் இருபத்தொண்ணு."

சேருவதற்கு வயது வரம்பு இருபத்தொன்றுதான்; அது அவனுக்கு மனப்பாடம். டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருக்கும்போல. பேனாவை மூடிவிட்டு, "எப்படியும் பண்ணிக்கோ. தண்ணியில தலையை முக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். அவன் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தான். அழுவான் என்று நினைத்தேன். "சவ்வுதானாம்க்கா" என்றான். "நான் ஏதோ நரம்பே போயிடுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். இப்போது வேண்டாம் என்றான். ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "என்னைப் பத்தி தெருவுல இன்னா வேணா சொல்லு. பொய் சொன்னான், ஏமாத்துனான்னே சொல்லு. அப்பா அடிச்சத மட்டும் சொல்லாத. போன மனுசன்." நான் தலையாட்டினேன்.

ஊரில் இறங்கியபோது வெயில் தலையில் இடித்தது. பையை வைத்துக் கதவைத் திறப்பதற்குள் கமலா அத்தை வந்துவிட்டாள். "பயிற்சி எல்லாம் முடிஞ்சுதா? தம்பி போன் பண்ணானா? கப்பல் கரைக்கு வந்துச்சாமா?"

நடு அறைச் சுவரில் அப்பா, பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் கதிர். இருவருக்கும் அத்தை காலையில் பூ வைத்திருந்தாள்.

"அத்தை, கதிர் கப்பல்ல இல்ல. பெங்களூர்ல இருக்கான். நேவில அவன எடுக்கவே இல்ல. அஞ்சாவது நாளே அனுப்பிட்டாங்க."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். "ஏன்டி? ராஜா மாதிரி இருப்பானே. இன்னா கொறையாம்?"

"காதுல ஓட்டை."

"பொறவியிலயேவா? நாம பாக்கலியே."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் அத்தை என்று ஒரு வார்த்தை. அவனுக்குத் தலையாட்டிவிட்டு வந்த வார்த்தையும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் காதைப் பற்றிய கேள்விக்கெல்லாம் எட்டு வருடமாக நான் 'இல்லை' என்றோ, ஒன்றும் சொல்லாமலோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதிர் தன் தலையில் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொரு முறை விட்டுவிட என்னால் முடியவில்லை. நான் சொன்னேன். கிணறு, அறை, தலையணை ரத்தம், பூண்டு எண்ணெய், விண்ணப்பத்தில் போட்ட டிக், எல்லாம். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம், அவன் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் போன் செய்தேன்.

"அத்தைகிட்ட சொல்லிட்டேன்டா. எல்லாத்தையும். அப்பா அடிச்சதையும்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"அத்தை இன்னா சொன்னாங்க?"

"அழுதாங்க."

"அப்பாவ திட்டுனாங்களா?"

"இல்ல. என்னைத்தான் திட்டுனாங்க. ஒரு டாக்டரக்கூடப் பாக்க உனுக்குத் தோணலியாடின்னு."

விடுக்கா என்பான் என்று காத்திருந்தேன்.

"சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றான் கதிர். "கேப் வந்துடுச்சுக்கா. வைக்கிறேன்."